திருப்பணியும் துறையறிவும்

நெற்குப்பை என்பது பாண்டிநாட்டிலே, பொன்னமராவதிக்கும் திருப்புத்தூருக்கும் இடைப்பட்டதோர் ஊர். நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழும் ஊர்களுள் ஒன்று. இப்பெயரைப் புதிதாய்க் கேட்பாருட் சிலர் நகைப்பர். இக்காலப் பேச்சில் குப்பை என்பது விலக்கி எறியப்படுவதற்கே பெயராய்விட்டமையின் அவர் நகைத்தல் வியப்பன்று. பழந்தமிழ் பயின்றாரோ நகையார். குப்பை என்னுஞ் சொல் குவியலைக் குறிப்பதென்பதும், களத்திலே தூற்றிக் குவித்த நெல்லே இவ்வூர்ப் பெயரில் நிற்கின்றதென்பதும் அவர் அறிவர். கேட்டார் இருவர்க்கும் சொல் ஒன்றே, செவியும் ஒருதன்மையவே. ஒருவர்க்கு இகழ்ச்சி தோன்றிய இடத்தில் மற்றொருவர்க்கு வளந் தோன்றியது பயிற்சியினால் வந்த வேறுபாடாம்.

இத்தகைய பயிற்சியின் அருமையை இப்பகுதி வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடாத்திய காலத்து, அவர்தம் கடைகள் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 இருந்தனவென்று 1929–30-இல் அந்நாட்டில் அமைந்த வங்கி விசாரணைக் குழுவினர் கணக்கிட்டனர். அக்கடைகளில் ஒன்றிலேனும் பயிலாதான் ஒருவன் பேரேட்டைத் தொட்டதில்லை. சிறுவன் முதலில் எண்சுவடி கற்பான். முந்திரி, காணி, மா என்னும் கீழ்வாய் இலக்கங்கள் அவன் நாவில் தாமே ஓடுதல் வேண்டும். பின்னர்ப் பெட்டியடிப் பையனாய் அமர்ந்து, வருவார் முகமும் போவார் முகமும் பார்த்துப் பழகுவான். அதன்பின் அடுத்தாள் ஆவான். பல்லாண்டு கழித்தே மேலாள் என்னும் நிலை அவனுக்கு உரித்தாம். மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஐந்தொகை எடுக்குங்கால் ஒரு காசு பிழைப்பினும் இரவு முழுதும் விளக்கெரியும். முதலாளியின் மகனும் பெரும்பாலும் இப்படிகளின் வழியே ஏறினன். பொருள் உடைமை வேறு, பொருளை ஆளும் அறிவு வேறு என்பதை இவர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

வீடெடுக்கும்போதும் அவர் இந்நெறியினின்று வழுவவில்லை. பர்மாத் தேக்கைத் தெரிந்தெடுக்க மரமறிந்தார் வேண்டும். கதவுநிலையிற் பூவும் கொடியும் எழுப்பத் தச்சர் வேண்டும். சுண்ணாம்பைக் கடுக்காயும் வெல்லமுங் கலந்து அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துச் சுவரைக் கண்ணாடிபோல் இழைக்க அதற்கெனவே கைதேர்ந்த கொத்தர் வேண்டும். ஆத்தங்குடியில் தளக்கல் வார்ப்பார் கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சாந்தை ஊற்றும்போது வீட்டுக்குடையார் அருகிருந்து பார்ப்பாரேயன்றிக் கை நீட்டார்.

இத்துணைத் தெளிவுடைய மக்கள், தம் பொருள் முழுவதையும் அன்போடு சொரிந்த ஓரிடத்தில் அத்தெளிவைக் கைவிட்டனர். அவ்விடம் சிவாலயத் திருப்பணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, பாடல்பெற்ற தலங்கள் பலவற்றை நகரத்தார் புதுக்கினர். புதர் மண்டிக் கிடந்த கோயில்களில் மீண்டும் விளக்கெரிந்தது அவர்கள் கொடையினாலே. அதனை மறுப்பார் நன்றி மறந்தோராவர். ஆயினும் அத்திருப்பணிகளிற் சிலவற்றில் சோழர்காலத்துக் கற்றளிகள் அடியோடு பிரிக்கப்பட்டுப் புதுக் கருங்கல்லால் எடுக்கப்பட்டன. பழஞ்சுவரோடு அதன்மேலிருந்த கல்வெட்டுக்களும் போயின. அக்கல்வெட்டுக்களில் திருவிளக்கிற்கு விட்ட ஆடுகளின் தொகையும், திருப்பதிகம் பாடுவார்க்கு அளந்த நெல்லும், அடியார்க்கு அமுதளித்த நிவந்தமும் எழுதப்பட்டிருக்கும். பேரேட்டில் ஒரு காசு தவறப் பொறாதவர், இறைவனது பேரேடே கிழிக்கப்படுதலைக் கண்டிலர். கல்லெழுத்தைப் படித்தறிவாரை அவர் அழைத்துக் கேட்கவில்லை. பழுதுற்ற சுவரென்றே அதனைக் கண்டனர்.

இதற்கு ஒரு விடை சொல்லப்படுவதுண்டு. அன்பே தலையாயது, இறைவன் அன்பை நோக்குவானேயன்றிக் கல்லையும் கணக்கையும் நோக்கான், பூசலார் நாயனார் ஒரு கல்லுமின்றிக் கோயில் எடுத்திலரோ, என்பர். பூசலார் வரலாற்றைப் பெரியபுராணத்தில் ஊன்றிப் படித்தார் இங்ஙனம் கூறத் துணியார். திருநின்றவூரிலே அவர் நெஞ்சினுள் எடுத்த கோயிலுக்கும் வேண்டும் கருவிகளை மனத்தினாலே தேடினார். தச்சரையும் மனத்தினாலே தேடினார். நல்ல நாள் கொண்டு, ஆகம முறையால் அடிநிலை எடுத்தார் என்றன்றோ சேக்கிழார் பெருமான் அருளினார்? கல்லும் சுதையும் கருத்தளவே ஆன கோயிலில் தச்சர் இன்றியமையாதாராயின், கருங்கல்லால் எடுக்குங் கோயிலுக்கு அவரைக் கேளாது ஆணையிடுவது எங்ஙனம்?

இன்னொரு சாரார் கண்ணப்பரைக் காட்டுவர். ஆகமம் அறிந்த சிவகோசரியார் செய்த பூசனையினும் ஒன்றும் அறியாத வேடர் செய்த பூசனை இறைவற்கு இனிதாயிற்றே என்பர். உண்மையே. எனினும் கண்ணப்பர் பிறர் எடுத்த தளியைப் பிரித்தாரல்லர். தம் கண்ணை இடந்து அப்பினார். இழந்தது அவருடைய பொருள். மேலும், குருதி வடியக் கண்டவுடன் அவர் செய்தது என்னை? மலைச்சாரலிற் சென்று பச்சிலை கொணர்ந்து பிழிந்தார். அது பயன்படாதொழியவே, தசைக்குத் தசையே மருந்தென்னும் தம் குலத்து வழக்கு நினைவிற்கு வந்தது. வேட்டுவர் மரபில் வந்த மருத்துவ அறிவே அவர் அன்பிற்கு அப்பொழுது வழிகாட்டியது. அன்பு அறிவை விலக்கிற்று என்பதற்கு இவ்வரலாறு சான்றாகாது.

குற்றம் கொடையாளர்பால் மட்டும் உளதென்று கொள்ளற்க. துறையறிந்தாரும் பிழைத்தனர். கல்லறிந்த சிற்பிக்கு எழுத்துத் தெரியவில்லை. உளி பொருந்துமிடமே அவர் கண்ணுக்குப் புலனாயிற்று. கிரியை அறிந்தார் பாலாலயம் செய்து கலசத்தில் இறைவனை எழுந்தருளச் செய்வதில் வழுவினாரல்லர். அதன்பின் விமானத்திற்கு நேர்ந்தது தம் பொறுப்பன்றென்று இருந்தனர். பிற்காலத்து வந்த பொறியறிவாளரோ, காற்றின் விசையால் மணலை வீசிக் கற்களைக் கழுவினர். கல் வெளுத்தது, எழுத்தும் சிற்பத்தின் நுண்மையும் தேய்ந்தன. அம்முறையைப் பின்னர் அறநிலையத்துறையே விலக்கியது. தத்தம் துறையில் இவர் யாவரும் வல்லவரே. ஒருவர் அறிந்ததை மற்றொருவர் அறியாமையும், அறியாமையை அறியாமையுமே கேட்டிற்குக் காரணமாயின.

சித்தாந்தம் பயின்றார்க்கு இது புதுமையன்று. உயிரின் அறிவு சுட்டறிவு. ஒன்றை அறியும்பொழுது மற்றொன்றை அறியமாட்டாது. அறிவிப்பாரின்றித் தானே அறியவும் மாட்டாது. காட்டும் உதவியும் காணும் உதவியும் உடனிருந்து செய்தல் இறைவன் ஒருவற்கே இயலும். வல்லுநர் எத்துணைப் பெரியரேனும் காட்டுதல் அளவில் நிற்பவரே. நம்முள் நின்று காண்பவர் அல்லர். ஆதலின் வல்லுநரை முற்றறிவினராகக் கொண்டு தம் கண்ணை மூடிக்கொள்ளுதலும் பிழை. தம் சுட்டறிவையே முற்றறிவென மயங்கி வல்லுநரை ஒதுக்குதலும் பிழை. திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவனைத் தனித்து நிறுத்தினாரல்லர். நோயுற்றவனும், மருந்தும், அருகிருந்து கொடுப்பானும் அவனோடு எண்ணப்பட்டனர்.

ஆகமங்களும் சிற்பநூல்களும் இதனைக் கருதியே தொழிலைப் பகுத்தன. திருப்பணிக்கு ஸ்தபதி, சூத்திரகிராகி, தக்ஷகன், வர்த்தகி என நால்வர் கூறப்படுவர். முழுமையை நோக்குவார் ஒருவர், நூல்பிடித்து அளப்பார் ஒருவர், செதுக்குவார் ஒருவர், பொருத்துவார் ஒருவர். தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த இராசராசர், குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று தச்சனுக்குத் தம் பெயரையே தந்து கல்லிற் பொறித்தனர்; நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என வேறிருவரும் அங்கே குறிக்கப்பெற்றுளர். திருப்பதிகம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேர்க்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளிக்கப்பட்டது. ஓதுவதும் ஒரு துறை. அதற்கும் கூலி உண்டு.

செட்டிநாட்டிலும் இம்மரபு அறவே அற்றுப்போகவில்லை. பிள்ளையார்பட்டியைச் சார்ந்த வைத்தியநாத ஸ்தபதி, 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்விநிலையத்திற்கு முதல் தலைவராயினர். அவர்தம் மகனார் கணபதி ஸ்தபதி (1927–2011) சிற்பநூற் கணக்கையே கொண்டு, குமரிமுனையில் பீடத்தோடு 133 அடி உயர்ந்த திருவள்ளுவர் திருவுருவை அமைத்தனர். அது 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பட்டது. நெற்குப்பையிற் பிறந்த சோமலெ (1921–1986) வேறொரு வகையினர். அவர் உலக நாடுகளையும் தமிழ்நாட்டு மாவட்டங்களையும் பற்றிப் பல நூல்கள் எழுதி, பல துறைச் செய்திகளை ஓரிடத்துத் தொகுத்தனர். சிற்பியின் அறிவு எழுத்தறிந்தார்க்கும், எழுத்தறிந்தார் அறிவு கொடையாளர்க்கும் எட்டவேண்டுமாயின் இத்தகைய தொகுப்பாளரும் வேண்டப்படுவர். அக்காலத் திருப்பணிகளில் இல்லாது போனவர் இவரே போலும்.

இக்காலத்தில் நீதிமன்றம் தலையிடும் அளவிற்கு இச்செய்தி வளர்ந்துள்ளது. பழங்கோயில்களைக் காப்பது குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூன் 7-ஆம் நாள் 75 கட்டளைகள் பிறப்பித்தது. கோயிலன்பர் தாமே செய்திருக்க வேண்டுவதை வழக்கு வந்து செய்விப்பது சைவவுலகிற்குச் சிறிது நாணந் தருவதே. அப்பரடிகள் கையிலேந்திய உழவாரப்படை, பின்முளைத்த புல்லைக் களையும் கருவி. கல்லைப் பெயர்ப்பதற்கு அஃது ஏற்றதன்று.

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் நிகழ்ந்ததொன்று இங்கே நினைத்தற்குரியது. தம் 28-ஆம் ஆட்சியாண்டில் இராசராசர் அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாய் எடுக்கக் கட்டளையிட்டனர். பேரரசர் அவர், பொன்னுக்கும் ஆளுக்கும் குறைவில்லை, தடுப்பாரும் இல்லை. அவர் அக்கட்டளையோடு மற்றொன்றுஞ் சேர்த்தார்: பழஞ்சுவரிலுள்ள கல்வெட்டுக்களை முதலிற் புத்தகத்திற் படியெடுத்துக் கொள்க என்றார். எழுத்தறிந்தார் சென்று அவ்வாறே படியெடுத்தனர். அதன்பின்னரே சுவர் பிரிக்கப்பட்டது. புதுத்தளி எழுவதற்குள் அவர் மறைந்தனர். மகனார் இராசேந்திரர் அரசேற்றனர். 1026 அளவில், அவரது 14-ஆம் ஆட்சியாண்டில், அப்புத்தகத்திலிருந்தபடியே முன்னோர் விட்ட நிவந்தங்கள் ஒவ்வொன்றும் புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன.