பியூஸ் சொன்ன பாடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து இரும்புக் கம்பி ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் வண்டி ஒன்றுதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. ஓட்டுநரும் அப்பாதான், உரிமையாளரும் அப்பாதான்.

சென்ற ஆண்டு அந்த வண்டியின் பின்விளக்குப் பியூஸ் அடிக்கடி போகத் தொடங்கியது. புதிது போட்டால் இரண்டு நாள், மீண்டும் இருட்டு. பின்விளக்கில்லாமல் இரவில் சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் போவது விளையாட்டா? கன்டெய்னர் லாரிகள் விரைந்து வரும் சாலை அது. அப்பா திரும்பும்வரை அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"பெரிய பியூசாப் போட்டுடுங்கண்ணே" என்றார் ஒரு மெக்கானிக். சிவப்பு நிற 10 ஆம்பியருக்குப் பதில் பச்சை நிற 30 ஆம்பியர். அப்பா வாங்கியும் வந்துவிட்டார். நான் தடுத்தேன்.

"மின்னோட்டம் மூணு மடங்கானா சூடு ஒன்பது மடங்காகும்ப்பா. பியூஸ் உருகாது, வயர்தான் உருகும். வண்டியே பத்திக்கும்."

மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஜூல் விதி, அன்று அப்பாவின் உயிரைப் பற்றிய விதியாகத் தோன்றிற்று.

"அப்போ நீயே கண்டுபிடி" என்றார் அப்பா. குரலில் சற்றே கேலி.

ஞாயிற்றுக்கிழமை, பியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைத்தேன். வயர் எங்காவது பாடியில் பட்டு எர்த் ஆனால் பல்பு பளிச்சென்று எரியும், பியூசும் வீணாகாது. பல்போ மங்கலாகவே எரிந்தது. ஒவ்வொரு வயராக அசைத்துப் பார்த்தேன். நண்பகல்வரை பயனில்லை. வெட்கத்தோடு எழுந்தேன்.

அப்பா தேநீரை நீட்டியபடி சொன்னார்: "காலி வண்டியில என்ன தம்பி தெரியும்? லோடு ஏத்துனாத்தானே போகுது!"

மறுநாள் கம்பி ஏற்றியபின் விளக்கைப் போட்டோம். பல்பு பளிச்சிட்டது! பின்பக்கம் செல்லும் வயரின் இணைப்பைக் கழற்றியதும் மங்கிற்று. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பாரத்தில் வண்டி தாழ்ந்ததும், தொங்கிய வயர் ஸ்பிரிங் பட்டையில் உரசிக்கொண்டிருந்தது. மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, அந்தத் துண்டை வெட்டிப் புது வயர் இணைத்து, ரப்பர் குழாய்க்குள் செலுத்தி உயரமாகக் கட்டினோம். பழைய 10 ஆம்பியர் பியூசையே போட்டோம். இன்றுவரை அது போகவில்லை.

பியூஸ் நோயன்று, நோயைச் சொல்லும் வாய். அதை அடைப்பது மருத்துவமாகாது. இது நான் புத்தகத்தில் கற்றது. ஆனால் "எப்போது போகிறது?" என்ற முதல் கேள்வியை நான் அப்பாவிடம் கேட்கவே இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். வீட்டில் விடை சொல்லத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்போம். அந்தப் பச்சைப் பியூஸ் இன்றும் என் மேசைமேல்தான் இருக்கிறது.