குப்பிக்குள் இருப்பது என்ன?

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பதிவேட்டில் நாற்பது நாற்காலி இருக்கும். எண்ணினால் முப்பத்தேழுதான் தேறும். மருந்து ஆராய்ச்சியிலும் இதே தலைவலி உண்டென்று அண்மையில் படித்தேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். நூலகத்துக்கு எங்கள் சொல் 'பிப்லியோதேக்'. ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைக்கும் வேதிப்பொருள்களின் தொகுப்புக்குப் பிரெஞ்சில் 'ஷிமியோதேக்' என்று பெயர். அங்கே புத்தகங்களுக்குப் பதில் குப்பிகள்.

இந்தத் தொகுப்பை மளமளவென்று பெருக்க ஹங்கேரி விஞ்ஞானி ஆர்பாத் ஃபுர்கா எளிய வழி கண்டார். நுண்ணிய பிசின் மணிகளை 20 பங்காக்கி, பங்குக்கு ஓர் அமினோ அமிலம் கோர்த்து, எல்லாவற்றையும் கலந்து, மறுபடி பங்கிட வேண்டும். மூன்று சுற்றில் 8,000 வகைச் சங்கிலி. ஐந்து சுற்றில் 32 லட்சம்! 1982-ல் இந்த யோசனையை எழுதி, புடாபெஸ்டில் நோட்டரியிடம் சான்று பெற்று வைத்தார். நொத்தேர் முத்திரையின் மதிப்பு புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியாதா என்ன?

யோசனைக்கு முத்திரை போடலாம். குப்பிக்குள் இருப்பதற்கு யார் சாட்சி? சில இணைப்புகள் சேராமலே போயிருக்கும். பட்டியலை நம்பி ஒரு பொருளின் பின்னால் மாதக்கணக்கில் அலைந்தபின், உள்ளே இருந்தது வேறு என்றால் உழைப்பெல்லாம் வீண்.

அதற்குத்தான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து, வெற்றிடத்தில் ஓடவிட்டு எடை காணும் தராசு இது. பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் இதற்குள் அனுப்ப, கரைசலை மின்னேற்றத்துடன் தூவும் முறையை வளர்த்தவர் அமெரிக்கர் ஜான் ஃபென். 2002-ல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 85. நம் வயதுக்காரர்கள் கவனிக்கவும்!

தராசுக்கும் எல்லை உண்டு. கிளைசின் முன்னே அலனின் பின்னே என்றாலும், மாற்றிக் கோர்த்தாலும் எடை ஒன்றுதான். சங்கிலியை உடைத்துத் துண்டுகளை நிறுத்தால் வரிசை தெரிந்துவிடும். லூசினும் ஐசோலூசினும் இன்னும் சங்கடம். இரண்டும் ஒரே எடை. சாதாரணமாக உடைத்துப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது. வேறு சோதனை வேண்டும்.

பதிவேட்டைப் பார்த்தே டிக் அடித்துவிட்டுப் போன அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். நாற்காலி குறைந்தால் நின்றுகொண்டாவது வேலை பார்க்கலாம். மருந்தில் அப்படி முடியுமா? இரவு மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, குப்பியை நிறுத்துப் பார்த்து எழுதிய அந்த முகம் தெரியாத ஆட்களை நினைத்துக்கொள்கிறேன்.