"அது யாரோட போனு சொல்லுச்சு கண்ணு?" - காங்கேயத்து அப்புச்சி கேட்ட ஒரே கேள்வி!

எங்கள் தோட்டத்துக் கட்டுத்தறியில் ஒரு பழைய கயிறு தொங்குகிறது. மாட்டை விற்றால், அது கட்டியிருந்த கயிற்றை வாங்குபவரிடம் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வாங்குபவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிக்கட்டி ஓட்டிப்போக வேண்டும். அப்படி நின்றுபோன கயிறு அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். 35,000 ரூபாய் கிடாரி ஒன்று, நான் சொன்ன ஒரு வார்த்தையால் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பொங்கல் லீவு. காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அப்புச்சி தோட்டத்துக்குப் போயிருந்தேன். அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. கொறங்காட்டில் நாலைந்து காங்கேயம் மாடுகளை மேயவிட்டு, அதுதான் உலகம் என்று இருப்பவர். அன்று மதியம் சின்ன டெம்போவில் ஓர் இளைஞர் வந்தார். கிடாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பேரம் பேசி 35,000-க்கு முடிந்தது.

"கையில அவ்வளவு காசு இல்லீங்க ஐயா. போன்ல போட்டுடறேன்."

அப்புச்சிக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, யு.பி.ஐ போட்டுக் கொடுத்தது நான்தான். அந்த இளைஞர் கியூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தார். தன் போனைத் திருப்பிக் காட்டினார். பச்சை டிக். அப்புச்சியின் பெயர். 35,000 ரூபாய்.

அப்புச்சி தன் போனைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே கண்ணு?"

வந்தவர் முன்னால் அப்புச்சி சந்தேகப்படுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. "இங்க சிக்னல் கம்மிங்க அப்புச்சி, மெசேஜ் மெதுவாத்தான் வரும். இங்க பாருங்க, டிக் வந்துருச்சு. உங்க பேரு கூட இருக்குது" என்றேன்.

"நீ சொன்னாச் செரி" என்று கிடாரியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் வரை மெசேஜ் வரவில்லை. மறுநாள் வங்கியில் கேட்டால், அப்படி ஒரு பணமே வரவில்லை என்றார்கள். அந்த இளைஞரின் எண் ஸ்விட்ச் ஆஃப். நிஜ ஆப் மாதிரியே திரையை வரைந்து காட்டும் போலி ஆப் அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே சொன்னால், போன பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இங்கே போனது பணமே இல்லையே, மாடு! போலீஸில் புகார் கொடுத்தோம். கிடாரி திரும்பவில்லை.

அப்புச்சி என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் கழித்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னிக்கு டிக்கு வந்துருச்சுன்னு சொன்னியே கண்ணு. அது யாரோட போனு சொல்லுச்சு?"

டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து 'மோசடியிலிருந்து தப்பிக்கப் பத்து வழிகள்' என்று எத்தனையோ முறை டைப் செய்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான், ஒரு போனை எதிரில் இருக்கும் வங்கி எப்படி நம்புகிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

2016-ல் யு.பி.ஐ வந்தது. அந்த ஆப்பை முதன்முதலில் திறக்கும்போது, நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ் தானாகப் போகும். அது சும்மா போவதில்லை. 'இந்த எண், இந்தப் போனில்தான் இருக்கிறது' என்று எண்ணையும் போனையும் வங்கிக் கணக்கையும் சேர்த்து முடிச்சுப் போடும் வேலை அது. சிம்மை வேறு போனுக்கு மாற்றினால் முடிச்சு அவிழ்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். போன் நம்மிடம் இருக்கும் பொருள். பின் நம்பர் நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பொதுவாக இரண்டும் சேர்ந்தால்தான் வங்கி பணத்தை விடும்.

பணம் அனுப்புபவரின் வங்கி, நடுவில் என்.பி.சி.ஐ என்கிற தேசியப் பணப்பரிமாற்றக் கழகம், பெறுபவரின் வங்கி. இவை ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டுதான் பேசும். கடைசியில் நம் வங்கி நமக்குச் சொல்லும். இந்தச் சங்கிலியில் எங்கேயும் அந்த இளைஞரின் போன் திரை எனக்கு அத்தாட்சி கிடையாது. அவர் கையிலிருந்தது அவர் சொல்வதைக் காட்டும் கண்ணாடி, அவ்வளவுதான்.

மளிகைக் கடையில் 'ரூபாய் ஐம்பது பெறப்பட்டது' என்று சத்தம்போடும் ஸ்பீக்கர் பெட்டி ஏன் உதவுகிறது தெரியுமா? அது வாடிக்கையாளரின் போனைக் கேட்டுச் சொல்வதில்லை. தனக்கென்று இருக்கும் இணைப்பு வழியாக, பணம் வாங்கித்தரும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து செய்தி வாங்கிச் சொல்கிறது.

இதையெல்லாம் அப்புச்சிக்கு விளக்கினேன். அவர் சிரித்தார். "இதத்தானே கண்ணு நாங்க சந்தையில செய்யறோம்? தரகர் நாலு பல்லுனு சொல்லுவாரு. அதுக்காக நம்பிருவமா? மாட்டோட வாயத் தொறந்து எண்ணிப் பாக்கோணும். மாட்டோட வயச மாட்டோட வாய்தான் சொல்லோணும், தரகர் வாய் சொல்லக் கூடாது."

கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையில் 'ஜீரோ டிரஸ்ட்' என்று ஒரு கொள்கை இருக்கிறது. 2010-ல் ஜான் கிண்டர்வாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் பரவலாக்கிய பெயர். ஆபீஸுக்கு உள்ளேயே இருக்கும் கம்ப்யூட்டர் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, ஒவ்வொரு முறையும் சரிபார் என்பது அதன் சாரம். எங்கள் ஊர்க்காரர்கள் பல் பார்க்க இதைப் படித்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு நாள், பிரவுசரில் தெரியும் பூட்டுப் படம் எதற்கு என்று கேட்டார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதைச் சொன்னேன். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். முன்பின் தெரியாத இருவர் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே ஒரு ரகசியத்தை முடிவுசெய்துகொள்ளும் கணக்கு வழியை, 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டார்கள். இணையத்தின் பூட்டுக்குள் இன்றும் அந்த யோசனை வேலை செய்கிறது.

"அப்ப பூட்டு இருந்தா நம்பலாமா?"

"துண்டுக்குள்ள விலை பேசுனா மாடு நல்ல மாடுன்னு ஆயிருமாங்க அப்புச்சி?"

"அதெப்படி ஆகும்!" என்றவர், தானே தலையாட்டிக்கொண்டார். நாம் பேசுவதை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, முகவரியில் இருக்கும் அதே தளத்தோடுதான் பேசுகிறோம். பூட்டு சொல்வது இவ்வளவுதான். அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது.

யோசித்துப் பார்த்தால், போன் நம்மிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'நீ யார்' என்று கேட்கிறது! விரலைக் காட்டு, முகத்தைக் காட்டு, ஓ.டி.பி சொல்லு. அதை நாம் திருப்பிக் கேட்பதே இல்லை. கேட்டால் எதிரில் இருப்பவரை அவமதித்ததாக ஆகிவிடுமோ என்ற கூச்சம் வேறு. என் கூச்சத்தின் விலை 35,000 ரூபாய்.

இப்போது அப்புச்சி மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பணம் வந்ததா என்பதை அவர் போனில், அவர் வங்கிக் கணக்கில் மட்டும்தான் பார்ப்பார். பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை, யாராவது போடச் சொன்னால் அது பணம் போகும் வழி. சந்தேகம் வந்தால் 12 இலக்கப் பரிமாற்ற எண்ணை வைத்துத் தன் வங்கியிடமே கேட்பார். "மாட்டுக் காதுல போடற வில்லையிலயும் 12 நம்பர்தான் கண்ணு" என்பது அவர் கண்டுபிடிப்பு.

போன மாதம் பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நானும் அவரோடு போனேன். இந்த முறை வாங்குவது அவர். மயிலைக் கிடாரி ஒன்றைப் பல் பார்த்து, சுழி பார்த்து, விலை முடித்தார். விற்றவர் நடுத்தர வயதுப் பெண். அப்புச்சி போனில் பணம் போட்டதும், அந்த அம்மா தன் போனை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கிருந்த அதே கூச்சம்.

அப்புச்சி தன் திரையைக் காட்டவே இல்லை. "உங்க போன்ல வந்துருச்சுங்களா அம்மணி? நல்லாப் பாத்துட்டே அவுத்து விடுங்க. அவசரமில்லீங்க" என்று கிடாரி பக்கத்தில் நின்றுகொண்டார். சிக்னல் கிடைக்கப் பத்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷமும் வெயிலில் நின்றார்.

டெம்போவில் திரும்பும்போது, "என் கணக்குல எவ்வளவு போயிருக்குதுன்னு பாத்துச் சொல்லு கண்ணு" என்று போனை என்னிடம் நீட்டினார். நான் திறந்து, அவர் பக்கமே திருப்பிப் பிடித்தேன்.

"நீங்களே பாருங்க அப்புச்சி."