வாத்தியாரின் பெட்டி

சுஜாதாவைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் கணேஷ்-வசந்த்தில் ஆரம்பித்து ஸ்ரீரங்கத்துத் தேவதைகளில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: 'ஓட்டு எந்திரத்தைக் கண்டுபிடித்தவர்'. அந்த ஒரு வரியும் பாதிதான் உண்மை.

தேர்தல் கமிஷனில் இந்த யோசனை முளைத்தது 1977-ல். ஹைதராபாத்தில் இருக்கும் ஈ.சி.ஐ.எல். 1979-ல் ஒரு மாதிரியைச் செய்தது. 1980 ஆகஸ்டில் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு எந்திரத்தைக் காட்டினார்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் களத்தில் இறங்கியது. அங்கே எஸ். ரங்கராஜன் என்ற என்ஜினியரின் மேற்பார்வையில் எந்திரம் உருவானது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறைக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆக, ஊர் கூடி இழுத்த தேர். இழுத்தவர்களில் ஒருவர் ராத்திரியில் தொடர்கதையும் எழுதினார் என்பதால் தமிழ்நாட்டில் தேரே அவருடையது ஆகிவிட்டது. ரசிகர்கள் அப்படித்தான். அவர்கள் வாயில் அவர் வெறும் சுஜாதா இல்லை, 'வாத்தியார்'.

இந்தப் பெட்டியின் பெருமையே அது ஒரு மக்குப் பெட்டி என்பதுதான். கூட்டத் தெரியும், வேறெதுவும் தெரியாது. இணையம் கிடையாது, ஒயர் வழியாகவோ காற்று வழியாகவோ வெளியுலகத்தோடு எந்தப் பேச்சும் கிடையாது. அலுவலர் தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால்தான் ஓட்டர் பக்கம் ஒரே ஒரு ஓட்டுக்குத் திறக்கும். பீப் சத்தம் கேட்டதா, அவ்வளவுதான். அதற்குமேல் எத்தனை தடவை அமுக்கினாலும் விரல்தான் வலிக்கும். நிமிஷத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் வாங்காது என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தார்கள். காகிதச் சீட்டுக் காலத்தில் பூத்தைப் பிடிக்கிறவர்கள் கட்டுக்கட்டாகக் குத்திப் பெட்டியை ரொப்பிவிட்டுப் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம். இந்தப் பெட்டியிடம் அந்த அவசரம் எடுபடாது. போலீஸ் வந்து சேரும்வரை அது தன் வேகத்தில்தான் நகரும். முரடனைத் தடுக்க இன்னொரு முரடன் வேண்டாம், ஒரு மந்தமான குமாஸ்தா போதும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் என்ஜினியரிங் இருக்கிறது.

(பெட்டிக்கும் ஒரு எல்லை உண்டு. பழைய எந்திரம் 64 வேட்பாளர்களைத்தான் தாங்கும். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். ஓட்டுச் சீட்டே புத்தகமாகிவிட்டது. அங்கே இந்த எந்திரத்தைக் கொண்டுபோயிருந்தால் அழுதிருக்கும் :-) )

முதல் முறையாக அதை நிஜத் தேர்தலில் வைத்தது 1982 மே 19-ல், கேரளாவின் பரவூர் தொகுதியில், 50 சாவடிகளில் மட்டும். கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளைக்கு எந்திரம் பிடிக்கவில்லை, தேர்தலுக்கு முன்பே கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் தடுக்கவில்லை. தேர்தல் நடந்தது. 123 ஓட்டில் ஜெயித்தவர் அதே சிவன் பிள்ளை! இப்போது எந்திரத்தை எதிர்த்துக் கோர்ட் ஏறியது தோற்ற ஏ.சி. ஜோஸ். 1984-ல் சுப்ரீம் கோர்ட், சட்டம் காகிதச் சீட்டைத்தான் சொல்கிறது, எந்திரத்தைச் சொல்லவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த 50 சாவடிகளிலும் காகிதத்தில் மறுதேர்தல். ஜெயித்தவர் ஜோஸ். பிறகு 1988-ல் சட்டத்தைத் திருத்தி, பத்து வருஷம் தயங்கி, 1998-ல் சில தொகுதிகளில் ஒத்திகை பார்த்து, 2001-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் முழுதாக இறக்கி, 2004-ல் 543 மக்களவைத் தொகுதிகளுக்கும் கொண்டுபோனார்கள்.

பரவூரில் எந்திரம் தப்பாகக் கூட்டியது என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஆனாலும் விவகாரம் தீரவில்லை. தேர்தலில் ஜெயித்தவனை நம்ப வைக்க ஒரு எந்திரமும் தேவையில்லை. தோற்றவன் வீட்டுக்குப் போகும்போது 'சரி, தோற்றுவிட்டேன்' என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். பெட்டியின் முழு வேலையும் அந்த ஒரு ஆளுக்காகத்தான்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாத்தியாரின் பெட்டியில் லெட்ஜர் இருந்தது, வவுச்சர் இல்லை. கூட்டுத்தொகை கரெக்டாக இருக்கலாம். ஆனால் எந்த ரசீதை வைத்துச் சரிபார்ப்பது? 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் இதே கேள்வியைக் கேட்டது. ஓட்டுப் போடுவதிலும் எண்ணுவதிலும் முக்கியமான கட்டங்களை, விசேஷத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. அங்கே பயன்படுத்திய எந்திரங்கள் அந்தப் பரீட்சையில் பெயில். இந்தியாவில் 2013 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் வவுச்சர் வேண்டும் என்று சொன்னது. அதுதான் விவிபேட். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஏழு விநாடி சீட்டுத் தெரியும், பிறகு உள்ளே விழும். 2019 தேர்தலுக்குச் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து எந்திரங்களின் சீட்டுகளை எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். ஆடிட்டிங்கில் சாம்பிளிங் என்று மனப்பாடம் செய்கிறோமே, அதுவேதான். எல்லாச் சீட்டையும் எண்ணு என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் கோர்ட் நிராகரித்தது. ஆனால் இரண்டாவது மூன்றாவது இடம் வந்தவர்கள் கேட்டால், ஐந்து சதவீத எந்திரங்களின் சிப்பைத் திறந்து பரிசோதிக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்துவிட்டது. பாருங்கள், திரும்பவும் தோற்றவன்தான்.

சரி, பெட்டியை உடைக்கவே முடியாதா? 2010-ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்க்ரைப் ஆகியோரின் குழு ஒரு நிஜ எந்திரத்தைப் பிரித்து, அதன் டிஸ்ப்ளேயை மாற்றி, ஓட்டு எண்ணிக்கையை எப்படித் திருடலாம் என்று காட்டியது. எந்திரம் எப்படிக் கிடைத்தது என்று ஹரி பிரசாத்தைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பூட்டு சரியில்லை என்று சொன்னவனிடம் சாவி எங்கே கிடைத்தது என்று கேட்பது நம் ஊர் வழக்கம். அவர்கள் காட்டிய வித்தைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. எந்திரம் கையில் கிடைக்க வேண்டும். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் தட்டி ஒன்றும் செய்ய முடியாது. ஆக, பாதுகாப்பு சிப்பிலிருந்து நகர்ந்து அறைக் கதவுக்கு வந்துவிடுகிறது.

அந்தக் கதவு எவ்வளவு முக்கியம் என்பதை மதுரை 2019-ல் பார்த்தது. ஏப்ரல் 18, மீனாட்சி அம்மன் தேரோட்டமும் ஓட்டுப் பதிவும் ஒரே நாளில். மாசி வீதிகளில் தேர், சாவடிகளில் க்யூ. மற்ற ஊர்களில் ஆறு மணிக்கு முடிந்த பதிவு, மதுரையில் மட்டும் இரவு எட்டு வரை நடந்தது. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். அதற்கடுத்த நாள், ஏப்ரல் 20, எந்திரங்களை வைத்திருந்த மருத்துவக் கல்லூரியில், தேர்தல் ஆவணங்கள் இருந்த அறைக்குள் அரசு அலுவலர் ஒருவர் போய்விட்டு வந்தார். எந்திரங்கள் இருந்த அறை அது இல்லை, அதன் சீல் அப்படியே இருந்தது என்றார்கள். வேட்பாளர்கள் விடவில்லை. ராத்திரியே வாசலில் போராட்டம். சஸ்பெண்ட் ஆனார்கள் சிலர். விஷயம் ஹைகோர்ட் வரை போய் மாவட்ட ஆட்சியரே மாற்றப்பட்டார். வழக்குப் போட்ட வேட்பாளர் சு. வெங்கடேசன், மதுரையின் காவல் மரபை வைத்துக் 'காவல் கோட்டம்' என்று ஆயிரம் பக்க நாவல் எழுதி 2011-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியவர். காவலைப் பற்றி எழுதியவர் கதவு திறந்ததைக் கவனிக்காமல் விடுவாரா!

இதுவரை பேசியது எல்லாம் பெட்டியின் மேலும் அறையின் மேலும் போட்ட பூட்டு. பெட்டிக்கு முன்னால் நிற்கிற ஆளை என்ன செய்வது?

வாத்தியார் இறந்தது 2008 பிப்ரவரி 27. அடுத்த வருஷம் ஜனவரி 9-ல் மதுரையை ஒட்டிய திருமங்கலத்தில் இடைத்தேர்தல். 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் தமிழ் அரசியல் அகராதியில் ஏறியது அப்போதுதான். காலையில் நாளிதழுக்குள் கவர், கவருக்குள் பணம் என்று பேச்சு. அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் குறிப்பு ஒன்றே அதைப் பற்றி விலாவாரியாக எழுதியிருந்தது 2011-ல் விக்கிலீக்ஸ் வழியாக வெளியே வந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்ற கணக்கு இங்கே வேண்டாம். எந்திரத்தின் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தம்: ஒரு விரல், ஒரு பீப், ஒரு ஓட்டு. அந்த விரல் சாவடிக்கு எப்படி வந்தது என்று பெட்டிக்குத் தெரியாது, அதைக் கேட்பது அதன் வேலையும் இல்லை.

என்ஜினியர் ரங்கராஜனுக்குத் தெரியாத இந்தச் சமாச்சாரம் எழுத்தாளர் சுஜாதாவுக்குத் தெரிந்திருந்தது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா'வை எடுத்துப் பாருங்கள். கதை நடப்பது 2020-களின் இந்தியாவில். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். நாட்டை ஆள்பவர் ஜீவா. மக்கள் கும்பிடுகிறார்கள், பயப்படுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை. வெறும் ஹோலோகிராம், ஒளியில் செய்த பிம்பம். பின்னால் இருந்து சிலர் ஆட்டுகிறார்கள். ஒரே ஆள், பகலில் ஓட்டு எண்ணும் எந்திரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, இன்னொரு பக்கம், எண்ணவே தேவையில்லாமல் ஒரு பிம்பத்தை நம்ப வைத்து நாட்டைப் பிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்!

2024 ஜனவரியில், 2018-ல் மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஒரு புத்தக வெளியீட்டு விழாத் திரையில் தோன்றிப் பேசினார். பிப்ரவரியில் ஜெயலலிதாவின் குரலும் அதே வழியில் திரும்பி வந்தது. இவற்றைச் செய்தவர்கள் மறைத்துச் செய்யவில்லை, பார்த்தவர்களுக்கும் தெரியும். அதனால் தப்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லாமல் செய்ய எவ்வளவு நேரமாகும் என்பதுதான் கேள்வி.

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ரிட்டயரான ஒருவருக்கு வாட்ஸப்பில் வீடியோ கால் வருகிறது. திரையில் போலீஸ் உடுப்பு, பின்னால் சுவரில் முத்திரை. 'உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதீர்கள்.' இந்திய சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. ஆனால் அவர் பார்ப்பது ஜீவாவை. பாங்கின் சர்வர் பத்திரமாக இருக்கிறது, ஆப் பத்திரமாக இருக்கிறது, ஓ.டி.பி. சரியான போனுக்கே வருகிறது. எல்லாப் பூட்டையும் அவரே தன் கையால் திறந்து பணத்தை அனுப்புகிறார். பாங்க் கணக்கிலும் எல்லாம் சுத்தம்: ஒரு விரல், ஒரு பீப். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை என்ற ஒரு வரி தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். ஏமாந்தவுடன் 1930-க்குப் போன் செய்ய வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு என்பது இன்னொரு வரி.

இந்த மாதிரி வரிகளைத்தான் வாத்தியார் வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி', ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?', பிற்பாடு 'கற்றதும் பெற்றதும்'. பஸ்ஸில் வாராந்தரி புரட்டுகிறவனுக்கு சிப் என்றால் என்ன என்று மூன்று பத்தியில் சொல்லிவிடுவார். அதில் தவறுகள் உண்டு, அவசரம் உண்டு, சில இடங்களில் ஜாலத்துக்காக உண்மையைக் கொஞ்சம் இழுத்துமிருக்கிறார். இருக்கட்டும். பெட்டி செய்த ஆள் எத்தனையோ பேர் உண்டு, பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொன்ன ஆள் குறைவு. ஜெர்மன் நீதிபதிகள் கேட்ட அந்தச் சாதாரணக் குடிமகனைத் தயார் செய்கிற வேலை அது. அவருடைய நாவலிலும் நிலாவுக்கு உதவுவது போலீஸோ கோர்ட்டோ இல்லை. ஜீனோ என்கிற எந்திர நாய், புத்தகம் படிக்கிற நாய்.

மதுரையில் படிக்க இடமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாடி மாடியாகப் புத்தகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்காரர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுகிறார்கள் என்பது தனிக்கதை. ஆனால் தேர்தல் நாளில் படிக்க வேண்டியது ஒரு பக்கக் காகிதம்தான். படிவம் 17சி. காலையில் ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டு, அதை அழித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவை ஆரம்பிப்பார்கள். சாயங்காலம் முடிந்ததும் அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை அன்று எந்திரம் காட்டும் மொத்தமும் அந்தக் காகிதமும் ஒத்துப்போக வேண்டும். சிப் தெரிய வேண்டாம், கோடிங் தெரிய வேண்டாம், பாங்க் ரீகன்சிலியேஷன் போடத் தெரிந்தால் போதும். ஏஜெண்டாக உட்காருகிறவர்களில் பலர் அதை வாங்கி நாலாக மடித்து, வெற்றிலைப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.