குல்லாவிடம் கேட்காத கேள்வி

கொல்கத்தாவில் குளிர் வருவதற்கு முன்பே மங்க்கி குல்லா வந்துவிடும். ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் காலையில் நடப்பவர்களில் பலருக்குக் கண்ணும் மூக்கும்தான் முகம். 'டண்டா லேகே ஜாபே' - சளி பிடித்துக்கொள்ளும் - என்ற வங்காளிகளின் அச்சம் தலைமுறைகளைக் கடந்தது. குல்லா சளியைத் தடுக்கிறதா என்று யாரும் ஆய்வு நடத்தியதில்லை. ஆதாரம் எங்கே என்று கேட்டதும் இல்லை.

லேக் மார்க்கெட் பகுதியில் வசிக்கும் அந்தத் தமிழ்ப் பெரியவருக்கும் குல்லா பழகிவிட்டது. டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சான்றிதழ்களுடன் 1969இல் ஹௌராவில் வந்து இறங்கியவர். டல்ஹௌசி சதுக்கத்தில் வேலை, பிறகு ஓய்வு. 2023 பிப்ரவரி இறுதியில் அவருக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. வீட்டில் பதினான்கு மாதப் பேத்தி.

"அப்பா, குழந்தையைத் தூக்கணும்னா மாஸ்க் போட்டுக்கோங்க" என்றார் மகள்.

"மாஸ்க்கால ஒரு பிரயோஜனமும் இல்லேன்னு பேப்பர்லயே போட்டிருக்கான். நீ படிக்கலையாம்மா?"

இரண்டு பேர் பேச்சிலும் விஷயம் இருந்தது.

மகளின் பயத்துக்குக் காரணம் அடினோ வைரஸ். அந்த வாரங்களில் நகரத்தின் குழந்தைகள் வார்டுகள் நிரம்பி வழிந்தன. பூல்பாகானில் உள்ள டாக்டர் பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனைக்கு மூச்சுத் திணறும் பிள்ளைகளுடன் மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெற்றோர் வந்துகொண்டிருந்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் சட்டமன்றத்தில் பேசிய முதல்வர் மம்தா பானர்ஜி, 19 பேர் இறந்திருப்பதாகவும் அவர்களில் 13 பேருக்கு வேறு உடல்நலக் கோளாறுகளும் இருந்ததாகவும் சொன்னார். பத்திரிகைகள் தந்த எண்ணிக்கை இதைவிட மிக அதிகம். மறுபடியும் முகக்கவசம் அணியுங்கள் என்றும் முதல்வர் கேட்டுக்கொண்டார்.

அப்பா படித்ததும் பொய்யில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, அந்த ஜனவரி இறுதியில்தான் ஓர் அறிக்கையை வெளியிட்டிருந்தது. சுவாச நோய்த் தடுப்பு பற்றிய 78 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, பொதுமக்கள் முகக்கவசம் அணிவதால் பெரிய வித்தியாசம் ஏதும் ஏற்படுவதாகத் தெரியவில்லை என்றது. 'முகக்கவசம் பயனற்றது' என்று உலகம் முழுவதும் தலைப்புகள் பறந்தன. மார்ச் 10ஆம் தேதி காக்ரேனின் தலைமை ஆசிரியர் கார்லா சோரஸ்-வைசர் விளக்கம் தர வேண்டியதாயிற்று. அப்படிப் பொருள் கொள்வது தவறு. முகக்கவசத்தை ஊக்குவிக்கும் முயற்சிகள் பலன் தந்தனவா என்பதுதான் ஆராயப்பட்டது. அதற்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை என்றார்.

வித்தியாசம் சிறியதல்ல. ஊருக்கெல்லாம் குடை கொடுக்கிறோம். பாதிப் பேர் அதை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய் நனைகிறார்கள். குடை கொடுத்தும் ஊர் நனைந்தது என்று சொல்லலாம். குடை ஒழுகுகிறது என்று சொல்ல முடியாது.

எல்லைக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்தில், இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், சுமார் 3.4 லட்சம் பேரிடையே நடந்த ஆய்வு அது. பாதிக் கிராமங்களில் இலவசமாக முகக்கவசம் கொடுத்து, அணியும்படி நினைவூட்டவும் செய்தார்கள். சரியாக அணிந்தவர்கள் நூற்றுக்கு 13இலிருந்து 42 ஆனார்கள். அறிகுறிகளுடன், ரத்தப் பரிசோதனையிலும் உறுதியான கொரோனா தொற்று சுமார் 9 சதவீதம் குறைந்தது. அறுவை சிகிச்சையில் பயன்படும் வகை முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் 11 சதவீதம்; அங்கேயே அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணி முகக்கவசத்துக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. இது கோட்டைச் சுவர் அல்ல. ஓட்டை உள்ள வேலி. ஆனால் வேலிதான்.

டென்மார்க்கில் 2020இல் சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வில், அணியச் சொன்னவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. முடிவுக்கு வரப் போதாத வித்தியாசம். ஆனால் அந்த ஆய்வு அணிந்தவரை மட்டுமே பார்த்தது. அவருக்கு எதிரே நின்றவரைப் பார்க்கவில்லை.

எதிரே நிற்பவரைப் பற்றிய யோசனை கிருமிகளைக் கண்டுபிடிப்பதற்கு முந்தியது. சுவேதாம்பர சமணத் துறவிகளில் சில பிரிவினர் வாயின் மீது வெள்ளைத் துணி கட்டிக்கொள்கிறார்கள். தங்களைக் காத்துக்கொள்ள அல்ல. தங்கள் மூச்சு காற்றில் உள்ள சிற்றுயிர்களைத் துன்புறுத்திவிடக் கூடாது என்பதற்காக.

லேக் மார்க்கெட் வீட்டிலும் கேள்வி அதுதான். அடினோ வைரஸ் அதிகம் வாட்டியது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களை முகக்கவசம் அணியக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020இலேயே சொல்லிவிட்டன. கைக்குழந்தைக்கு அது மூச்சை அடைக்கும். ஆக, யாருடைய நுரையீரலுக்கு ஆபத்தோ அந்த முகத்தை மூட வழியில்லை. மூட முடிந்ததெல்லாம் அதன் மேல் குனியும் பெரியவர்களின் முகங்களைத்தான்.

அதுவும் போதாது. இந்த வைரஸ் கை வழியாகவும் பரவும். கதவுப் பிடியிலும் பொம்மையிலும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சாதாரண ஆல்கஹால் சானிட்டைசருக்கு எளிதில் மசியாது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சளி பிடித்தவர் நான்கு நாள் தள்ளியிருப்பது எல்லாவற்றையும்விட நல்லது. ஆனால் இரண்டு அறை ஃபிளாட்டில் தாத்தா எங்கே தள்ளியிருப்பார்?

அவர் தன் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கையை மட்டும் கழுவிக்கொண்டு, மகள் நீட்டிய முகக்கவசத்தை "உனக்காகத்தான்" என்று சொல்லியபடி மாட்டிக்கொண்டார். தலையில் மங்க்கி குல்லா. நடுவில் கண்கள் மட்டும். பேத்தி அந்த உருவத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது.

ஏதாவது ஒன்றைக் கழற்றியாக வேண்டும். பெரியவர் ஒரு கணம் யோசித்தார். குல்லாவை உருவினார். வழுக்கைத் தலையைப் பார்த்ததும் குழந்தைக்குத் தாத்தாவை அடையாளம் தெரிந்துவிட்டது. குல்லா மேஜைக்குப் போயிற்று. முகக்கவசம் இருந்த இடத்திலேயே இருந்தது.