மயாமியில் இரட்டைக் கால் படகு

மயாமிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்க்கிறார்கள், ஹோட்டல்களைப் பார்க்கிறார்கள், வெயிலில் காய்ந்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். உங்களை நான் அங்கெல்லாம் அழைத்துப் போகப் போவதில்லை. நகரத்துக்கு வடக்கே, கால்வாய் ஓரமாக, 188-ஆம் தெரு என்று ஒரு முட்டுத் தெரு இருக்கிறது. முதலில் அங்கே வாருங்கள்.

இன்று போய்ப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வானளாவும் அடுக்கு வீடுகள், காவல்காரர், பூந்தொட்டிகள்! ஆனால் ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்கு 'இடிப் படகு வரிசை' என்று அர்த்தம் வரும்படி 'தண்டர்போட் ரோ' என்று பெயர். உலகத்திலேயே வேகமான விசைப் படகுகள் பல இங்கேதான் பிறந்தன. நியூ ஜெர்ஸியில் கட்டட காண்டிராக்டராக இருந்து பணம் சேர்த்துக்கொண்டு மயாமிக்குக் குடிவந்த டான் அரோனோ என்பவர், 1960-களில் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுக் கம்பெனிகளை இங்கே ஆரம்பித்தார். ஒரு கம்பெனி நன்றாக ஓட ஆரம்பித்ததும் அதை விற்றுவிடுவார். அடுத்த கம்பெனியைத் தொடங்குவார்! ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் என்று அவற்றுக்குப் பெயர். 1967-லும் 1969-லும் அவரே உலக சாம்பியன்.

இந்தப் படகுகளைப் பெரிய மனிதர்கள் வாங்கினார்கள். கள்ளக் கடத்தல்காரர்களும் வாங்கினார்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்கச் சுங்க இலாகாவும் அதே தெருவில் வந்து வாங்கியது. 1987 பிப்ரவரி 3-ஆம் தேதி, இதே தெருவில், காரில் உட்கார்ந்திருந்த அரோனோவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வேகத்தின் கதையில் இப்படியும் ஓர் அத்தியாயம்.

நுகத்தடி என்கிற ரகசியம்

"யந்திர சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! தையல் மிஷினில் மேல் நூலும் அடி நூலும் ஒத்துப் போகாவிட்டால் துணி என்ன கதியாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அது தெரிந்தால் போதும்.

பழைய படகுகளில் யந்திரம் உள்ளே இருக்கும். அடியில் ஓர் அச்சு நீண்டு சென்று விசிறியைச் சுழற்றும். திருப்புவதற்குத் தனியாகச் சுக்கான் இருக்கும். 1959-ல் வோல்வோ பென்டா கம்பெனி, ஜிம் வின் என்ற அமெரிக்கர் வகுத்த யோசனையைக் கொண்டு ஒரு புதுமாதிரி அமைப்பை வெளியிட்டது. யந்திரம் படகுக்குள்ளேயே இருக்கும். ஆனால் பின்பலகைக்கு வெளியே ஒரு கால் தொங்கும். அந்தக் காலின் நுனியில் விசிறி. காலைத் திருப்பினால் படகு திரும்பும். சுக்கானே வேண்டாம்!

பெரிய வேகப் படகுகளுக்கு இரண்டு யந்திரங்கள், இரண்டு கால்கள். ஒரு விசிறி வலம் சுற்றினால் மற்றது இடம் சுற்றும். ஒரே பக்கமாகச் சுற்றினால் படகும் அந்தப் பக்கம் இழுக்கும் அல்லவா? எதிரும் புதிருமாகச் சுற்றும்போது இழுவைக்கு இழுவை சரியாகிவிடுகிறது.

இரண்டு கால்களையும் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு பிணைக்கிறது. நம் ஊர் இரட்டை மாட்டு வண்டியின் நுகத்தடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காளை கிழக்கேயும் மற்றது கொஞ்சம் வடக்கேயும் பார்த்துக்கொண்டு இழுத்தால் வண்டி நகரும். ஆனால் பாதி பலம் சண்டையிலேயே போய்விடும். படகிலும் அதே கதைதான். தண்ணீர் காற்றைப்போல ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி உள்ளது. மணிக்கு எண்பது மைல் வேகத்தில் அதற்குள் ஒரு கால் சற்றே கோணலாக நின்றாலும் தண்ணீர் சும்மா விடாது.

பட்டறையில் ஒரு தகராறு

இந்த நுகத்தடியைச் சரி செய்வதை நான் பார்த்தது ஒரு சின்னப் பட்டறையில். அதன் சொந்தக்காரர் கியூபாவிலிருந்து வந்த கிழவர். உதவிக்கு அவருடைய மகள், முப்பது வயதிருக்கும். படகின் உடைமைக்காரர் மறுநாள் காலை மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பிமினி தீவுக்குப் புறப்படுவதாக இருந்தார். மயாமியிலிருந்து கடலில் சுமார் ஐம்பது மைல். நடுவிலே கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற பெரிய நீரோட்டம் வேறு.

"வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஸ்டியரிங் கனக்கிறது. யந்திரத்தைப் பாருங்கள்" என்றார் அவர்.

கிழவர் யந்திரத்தின் பக்கமே போகவில்லை. ஸ்டியரிங்கை நேராக நிறுத்தினார். இரண்டு கால்களையும் ஒரே மட்டத்துக்கு இறக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். விசிறிகளைக் கழற்றினார். பிறகு அப்பாவும் மகளும் ஆளுக்கொரு காலின் பக்கம் குந்தினார்கள். அங்குல டேப்பின் ஒரு முனை அவரிடம். மறு முனை அவளிடம். முதலில் கால்களின் மூக்குக்கு மூக்கு அளந்தார்கள். அடுத்து, பின்னால் அச்சுக்கு அச்சு.

"முப்பது" என்றாள் மகள். பின்னால் அளந்துவிட்டு, "முப்பதரை, அப்பா!" என்றாள்.

அரை அங்குலம்! நம் ஊர்த் தச்சர் கணக்கில் நாலு நூல். இரண்டு கால்களின் வால் பக்கமும் வெளியே விரிந்திருந்தது. எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதற்கு எல்லாப் படகுக்கும் ஒரே கணக்குக் கிடையாது. சில படகுகளுக்கு இம்மியும் பிசகாமல் இணையாக இருக்க வேண்டும்; சிலவற்றுக்கு ஒரு நூல் இரண்டு நூல் வேண்டுமென்றே விடுவார்கள். செய்தவர்களின் புத்தகம் சொல்வதுதான் சட்டம். எந்தச் சட்டத்திலும் நாலு நூலுக்கு இடமில்லை என்றார் கிழவர்.

தண்டின் முனையில் இருந்த பூட்டு நட் தளர்ந்திருந்தது. அதை இறுக்கினால் போதுமே என்று உடைமைக்காரருக்கு முகம் மலர்ந்தது. கிழவர் ஒரு காலைக் கையால் பிடித்து ஆட்டினார். 'டக், டக்' என்று சத்தம் கேட்டது. முனையிலிருந்த மூட்டும் தேய்ந்துபோயிருந்தது.

"நாளைக்குப் படகு தர முடியாது. புது மூட்டு வர வேண்டும்" என்றார்.

உடைமைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் ஓடிய படகு இன்னும் ஒரு நாள் ஓடாதா என்றார். கூலியை இரட்டிப்பாகத் தருவதாகச் சொன்னார். வேறு பட்டறைக்குப் போவதாகவும் சொன்னார். கிழவர் அசையவில்லை. ஓட்டத்தில் அந்த மூட்டு விட்டுப்போனால் இரண்டு கால்களும் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொள்ளும். படகு திடீரென்று சுழன்று, உள்ளே இருப்பவர்களை வெளியே வீசிவிடும்.

அதுவரை பேசாமல் நின்ற மனைவி டேப்பைப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்து, "உன் குழந்தைகளை இதில் ஏற்றுவாயா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

"அப்படியானால் பிமினி அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள் அம்மாள். வழக்கு அத்துடன் தீர்ந்தது!

விரிகுடாவில் வெள்ளோட்டம்

இரண்டு நாள் கழித்துப் புது மூட்டு வந்தது. தண்டின் முனையை அரைச் சுற்றுத் திருப்புவது, அளப்பது. மறுபடி அரைச் சுற்று, மறுபடி அளப்பது. கடைசியில் முன்னும் பின்னும் புத்தகத்தில் கண்ட அளவுக்கு வந்தன. இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் மட்டும் போதாது. படகின் நடுக்கோட்டோடும் நேராக நிற்க வேண்டும். அதையும் பார்த்த பிறகே நட்டை இறுக்கினார்கள்.

பிஸ்கேன் விரிகுடாவில் வெள்ளோட்டம். எனக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். கரை பின்னால் ஓடியது. காற்று காதை அறைந்தது. ஓட்டிய மகள் ஸ்டியரிங்கை இரண்டு விரல்களால் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். படகு கோடு போட்டதுபோல் போயிற்று.

வர்ஜினியா கீ தீவின் கரையில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் கூரை நிற்கிறது. படகுப் பந்தயம் பார்ப்பதற்கென்றே 1963-ல் கட்டிய அரங்கம் அது. வரைந்தவர் ஹிலாரியோ காண்டெலா. அவரும் கியூபாவில் பிறந்தவர். அப்போது வயது இருபத்தெட்டுதான். 1992-ல் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு அரங்கத்தை மூடினார்கள். வெறும் படிக்கட்டுகளுக்கு எதிரே நாங்கள் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். கிழவர் கூரையைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வெள்ளைக் கோடுகள் பிரிந்தும் சேராமலும் ஒரே சீராக நீண்டன. தலையை ஒரு முறை ஆட்டினார்.

இந்த இடத்தில் தாம்பத்தியத்துக்கு ஓர் உவமை சொல்லலாம் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அதைத் தொடர்கதை ஆசிரியர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

நீங்கள் என்றைக்காவது மயாமிக்குப் போனால், படகுத் துறையில் எல்லோரும் படகின் கூர்மையான முன்பக்கத்தைப் பார்த்து மெய்ம்மறந்து நிற்பார்கள். நீங்கள் பின்பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு சாதாரண இரும்புத் தண்டு தெரியும். ஏறுவதற்கு முன் அதைக் கடைசியாக அளந்து பார்த்தது எப்போது என்று கேளுங்கள். சட்டென்று பதில் சொன்னால் தாராளமாக ஏறிக்கொள்ளலாம்.