எந்த ஆற்று மட்டி?

விவேக் நகரிலிருந்து கடலைக் காணக் கிழக்கே சென்னைக்குப் போனாலும் மேற்கே மங்களூருக்குப் போனாலும் சாலைவழி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஆயினும் குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கடற்கரைக் குழம்பு மணக்கும் வீடுகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். நீர் வற்றும் வேளையில் வெள்ளாற்றுக் கழிமுகத்துச் சேற்றைக் காலால் துழாவி மட்டி பொறுக்கி வளர்ந்தவர். இன்று அவர் மட்டி வாங்குவது மங்களூர் மீன் விற்கும் கடையொன்றில். கடைக்காரர் அதை மருவாய் என்பார். அருகில் நிற்கும் மலையாளப் பெண்மணி கக்கா என்பார்.

மட்டியைத் தேர்வதில் அவருடைய விரல்களுக்கு ஐயம் எழுவதில்லை. உயிருள்ள மட்டி ஓட்டை இறுக மூடியிருக்கும். சற்றே திறந்திருந்தாலும் தட்டினால் மூடிக்கொள்ளும். மூடாததும் ஓடு விரிந்ததும் கழிவு. மூடிய மட்டிகளிலும் ஒரு ஏமாற்று உண்டு: உயிர் போனபின் உள்ளே சேறு அடைத்துக்கொண்டு கனமாகக் கிடப்பவை. இரு ஓடுகளையும் பக்கவாட்டில் எதிரெதிராகத் தள்ளிப் பார்ப்பார். வழுக்கி விலகினால் அது சேற்று மட்டி. அத்தகைய ஒன்று தப்பி உலைக்குள் போனால் குழம்பு முழுவதும் பாழ்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பாலித்தீன் பையின் முடிச்சை அவிழ்ப்பது. இறுகக் கட்டிய பையில் மட்டி மூச்சுமுட்டிச் சாகும். நல்ல தண்ணீரில் போட்டு வைத்தாலும் சாகும். துளையுள்ள தட்டில் பரப்பி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, மேலே ஈரத்துணி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். மறுநாளுக்கு மேல் அவர் வைப்பதில்லை. மணல் கக்குவதற்கு லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்பு கரைத்த நீர். அதுவும் குளோரின் வாடை நீங்கும்வரை திறந்து வைத்த காவிரி நீர். குளோரின் பட்டால் மட்டி வாயைத் திறப்பதே இல்லை.

சமையலில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். ஓடு திறந்த கணத்தையே வெந்த கணமாகக் கொள்வர். மட்டி தான் வாழும் நீரை வடிகட்டி உண்பது. அந்நீரில் சாக்கடை கலந்திருந்தால் மஞ்சள் காமாலையைத் தரும் ஹெப்படைட்டிஸ் ஏ உள்ளிட்ட கிருமிகள் அதன் சதையில் சேரும். அவை அழியச் சதையின் உட்பகுதி 90 பாகை வெப்பத்தில் ஒன்றரை நிமிடமேனும் வேகவேண்டும். ஓடு திறப்பதற்கோ அவ்வளவு சூடு தேவையில்லை. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உள்ள பெங்களூரில் நீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும், அதுவும் போதுமானதே. ஓடு திறந்தபின் மேலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அப்போதும் திறவாதவற்றை அவர் எறிந்துவிடுவார்.

கிருமி அத்துடன் ஒழிந்தது. நஞ்சு ஒழியவில்லை.

1981ஆம் ஆண்டு கல்பாக்கத்தை அடுத்த வாயலூர்ப் பகுதியில் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். 1983இல் மங்களூர்ப் பகுதியில் ஒருவர் இறந்தார். 1997இல் விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் என்னும் கடற்சிப்பி உண்ட ஏழு பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். சிலவகை நுண்பாசிகள் பெருகும் காலத்தில் அவற்றை உண்ணும் சிப்பியினங்களில் சாக்சிடாக்சின் என்னும் நஞ்சு திரள்கிறது. கொதிக்கும் நீர் அதை அழிக்காது, உறைய வைத்தாலும் குறையாது, மாற்றுமருந்தும் இல்லை. நாறாது, நிறம் மாறாது, மட்டியும் நலமாகவே இருக்கும். வெள்ளிக் காசு போட்டுக் கறுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் வெறும் கதை. பல நாடுகள் வகுத்துள்ள வரம்பு கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம். அதை ஆய்வுக்கூடமே அளக்க முடியும்.

உள்நாட்டு நகரத்தார் 'பழசாக இருக்குமோ' என்றே அஞ்சுகின்றனர். வாயலூரில் உண்ணப்பட்டதோ கடலருகே வாழ்வோர்க்குக் கிடைக்கும் மட்டி. புதுமை அங்கே காப்பாகவில்லை. ஆகவே விரல்களால் விடைகாண முடியாத ஒரு கேள்வியை ஆசிரியை கடையில் கேட்கிறார்.

"எந்த ஊர் மட்டி தம்பி?"

"மங்களூர்மா. காலைலதான் எறங்குச்சு."

"மங்களூர்ல எந்த ஆறு?"

"ஆறெல்லாம் யாரும்மா கேக்குறாங்க!"

சிரித்தாலும் அவர் அலைபேசியில் விசாரித்துச் சொல்வார். விடை கிடைக்காத நாள்களில் ஆசிரியை வேறு மீன் வாங்கித் திரும்புவார். அமெரிக்காவில் உயிர்மட்டி மூட்டை ஒவ்வொன்றும் எந்த நீர்ப்பரப்பில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்னும் சீட்டுடன் வரவேண்டும். விற்பவர் அச்சீட்டை 90 நாள் பாதுகாக்கவேண்டும். நோய் தோன்றினால் நீரைத் தேடிச் செல்வதற்கான வழி அது. பரங்கிப்பேட்டையில் சீட்டுத் தேவைப்பட்டதில்லை. ஆறு கண்ணெதிரே இருந்தது, அதில் என்ன நேர்ந்தாலும் மாலைக்குள் ஊர் அறிந்துவிடும். லாரியில் ஏறும் மட்டியோடு அந்தச் செய்தி ஏறுவதில்லை.

உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் விரல்நுனியும் மதமதத்தால் காத்திருத்தல் கூடாது. மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்கு மிஞ்சிய குழம்போடு விரைய வேண்டும். முதல் நாளைக் கடந்தவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவர். இதை ஆசிரியை தம் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். மட்டி சமைக்கும் நாளில் கடை, தேதி, ஆறு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவார். மறுநாள் இரவுதான் அதைக் கிழிப்பார்.